மூன்று நாற்பதுக்குப் போன தண்ணீர்

அந்த சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் எங்கெங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பதற்காக, முதல் நாள் எல்லாக் குழாய்களையும் இருபது நிமிடம் திறந்துவிட்டார்கள். புதிதாகப் பொருத்திய கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த இயக்குநர் பார்க்க வேண்டுமே. சரியாகத்தான் அளந்தன. இருபது நிமிடத்தில் மூவாயிரத்து இருநூறு லிட்டர் சாக்கடைக்குப் போயிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மாடியில் இருந்த ஊழியர் ஓய்வறையைக் காலிசெய்து கண்காணிப்பு அறையாக்கினார்கள். இருபத்துநான்கு திரைகள். திரைகள் சூடாகாமலிருக்க இரண்டு ஏசி, ராப்பகலாக. கடையின் விளக்குகளும் குழாய்களும் குளிர்பெட்டிகளும் அந்தத் திரைகளில் கோடாகவும் எண்ணாகவும் ஓடின. அந்த அறைக்கு எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்பது மட்டும் எந்தத் திரையிலும் இல்லை. கிளை மேலாளர் அதைப் பணிவாக விசாரித்தார். "கண் தன்னையே பார்த்துக்கொள்ள முடியுமா?" என்றார் இயக்குநர். மேலாளர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கடையில் பல சீர்திருத்தங்கள் நடந்தன. சரக்கு அறையில் ஆள் அசையாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். அதனால் மூட்டை எண்ணுகிறவர்கள் ஒரு கையால் எண்ணிக்கொண்டே இன்னொரு கையைத் தலைக்கு மேலே ஆட்டினார்கள். ஐஸ்கிரீம் பெட்டியின் கதவு ஒன்பது விநாடிக்கு மேல் திறந்திருந்தால் ஒரு பெண்குரல், 'முடிவெடுத்த பிறகு கதவைத் திறக்கவும்' என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னது. பேரப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டு மிரண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். அந்த மாதம் ஐஸ்கிரீம் பெட்டி மின்சாரம் கணிசமாகக் குறைந்தது. ஐஸ்கிரீமும் விற்கவில்லை.

இதெல்லாம் மீன்காரரைத் தொடவில்லை. அவர் கடையின் கடைக்கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பத்தொன்பது வருடமாக மீன் வெட்டிக்கொண்டிருந்தவர். ரப்பர் பூட்ஸ், நீல ஏப்ரன், பேச்சு குறைவு. முள்ளை எடுக்கச் சொன்னால் எடுப்பார். தலை வேண்டாம் என்றால் தனியாக வைப்பார். கடையில் எல்லோரும் அவரை மீன் அண்ணன் என்பார்கள்.

அவருடைய மனைவி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பள்ளிச் சீருடை தைத்து வந்தவர். வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்து, அறுவை முடிந்து, ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில், கணவர் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு வாரம் மூக்கை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். மூன்றாவது வாரம், "என்ன, இன்னிக்கு லீவா? வாசமே வரல" என்று கேட்டாராம். அன்றோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இருபத்தாறு வருடம் தலைதூக்காமல் இருந்தது. ஊசி ஏற ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிட்டது. சோப்பு வாசம், பவுடர் வாசம், பக்கத்துக் கட்டில் பூரி வாசம், எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை. மீன் வாசம் என்றால் உடனே வாந்தி. ஒவ்வொரு வாந்திக்கும் தையல் போட்ட இடம் இழுத்துக்கொண்டு அழுவார்.

பெண்கள் வார்டு. ஆண்களுக்கு மாலை நாலு மணியிலிருந்து ஐந்து வரைக்கும்தான் அனுமதி, அதுவும் ஒரு நேரத்தில் ஒரு ஆள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் முன்பதிவு வேலையிலிருந்த மகள் நீண்ட லீவு போட்டுவிட்டு அம்மாவுடனே தங்கியிருந்தாள். அப்பா வந்ததும் அவள் கீழே இறங்கிப் போய், துணி துவைத்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வருவாள்.

மீன்காரருக்கு மூன்று நாற்பதுக்கு இடைவேளை. பின்பக்கத் தொட்டியில் முதலில் சோப்பு. பிறகு உப்பும் எலுமிச்சையும். மறுபடி சோப்பு. நகத்துக்கு பிரஷ். முழங்கை வரை தேய்த்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பத்து நிமிடம் போவார். மனைவி அவர் உள்ளங்கையை வாங்கி முகர்ந்து பார்ப்பார். ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்தக் கையை அப்படியே கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மணிநேரம். அவ்வளவுதான் அவர்கள் பார்த்துக்கொண்டது.

இதற்குப் பதினொரு லிட்டர் தண்ணீர் ஆனது.

கண்காணிப்பு அறையில் முன்பு பில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நின்று நின்று கால் வீங்கிப்போனதால் மாடிக்கு மாற்றியிருந்தார்கள். தினமும் மூன்று நாற்பதுக்குப் பின்பக்கக் குழாய்களின் கோடு குத்திட்டு எழுவதைப் பார்த்தார். எழுதச் சொல்லியிருந்தார்கள், எழுதினார். 'காரணம் தெரியாத பயன்பாடு, பதினொரு லிட்டர்.'

தலைமை அலுவலகம் ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தது. குழு நான்கு முறை கூடியது. முதல் கூட்டத்தில் அது குழாய்க் கசிவு என்று முடிவானது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கசிவு இல்லையே என்று மேலாளர் சுட்டிக்காட்டினார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வெடுக்கும் கசிவு என்று அது குறிப்பில் ஏறியது. செவ்வாய் மீன்காரருக்கு வார விடுமுறை என்பது யாருக்கும் தோன்றவில்லை. பின்பக்கத் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். குழாய் புதுசு போல இருந்தது. தோண்டிய மண்ணையும் சிமென்ட்டையும் கழுவித் தள்ள இரண்டாயிரம் லிட்டர் செலவானது. அது காரணம் தெரிந்த பயன்பாடு என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

பிறகு ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனிக் கருவி வைத்தார்கள். மறுநாளே மீன்காரர் அழைக்கப்பட்டார்.

மேலாளர் அறையில் இயக்குநரும் இருந்தார். மீன்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். இயக்குநர் குறுக்கிடாமல் கேட்டார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்ததாக மேலாளர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். கேட்டு முடித்து, கணினியில் காரணப் பட்டியலைத் திறந்தார். ஆறு காரணங்கள் இருந்தன. சரக்கு, சுத்தம், குடிநீர், கழிப்பறை, பராமரிப்பு, தீயணைப்பு.

"இதில் எது?" என்றார்.

மீன்காரர் திரையைப் பார்த்தார். "எதுவும் இல்லைங்க சார். என் வீட்டுக்காரிக்கு."

"மற்றவை என்று ஒன்று இருந்தது. எல்லோரும் அதையே அழுத்துகிறார்கள் என்று போன வருடம் எடுத்துவிட்டோம். காரணம் இல்லாத தண்ணீரை நான் எப்படி அனுமதிக்க முடியும்? எனக்கும் மனைவி இருக்கிறார். ஆனால் பட்டியலில் இல்லை."

ஒரு முறை கை கழுவ நிறுவனத்தின் அளவு ஒன்றரை லிட்டர் என்று அவரிடம் விளக்கினார்கள். மீன்காரர் கை கழுவும் பின்பக்கக் குழாயில் அட்டை தேய்க்கும் பெட்டி வந்தது. தேய்த்தால் ஒன்றரை லிட்டர் விழும். பிறகு நான்கு மணிநேரம் விழாது.

அந்த வாரம் மீன்காரர் என்னென்னவோ செய்து பார்த்தார். காப்பித்தூளைத் தேய்த்தார். எவர்சில்வர் கரண்டியைக் கையில் வைத்து உரசினார். யாரோ சொன்னார்கள் என்று பல் துலக்கும் பேஸ்ட்டைக் கூடப் பூசினார். மனைவி உள்ளங்கையை முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீன்காரர் வாந்தி பிடிக்கத் தட்டு எடுக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களுக்கென்று ஒரே குழாய், அதில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. அங்கே நின்று கழுவி முடித்து மேலே போகும்போது நாலரை ஆகிவிடும். மனைவி கடிகாரத்தைப் பார்ப்பார்.

அதன் பிறகுதான் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். இரண்டு கேன். பேருந்தில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்து, மூன்று நாற்பதுக்குத் தொட்டியில் ஊற்றிக் கழுவினார். மூன்று நாள் நிம்மதியாக ஓடியது. மூன்றாம் நாள் மனைவி அவர் கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போனதால், ஐந்து அடித்தும் எழுந்திருக்க மனமில்லாமல் நர்ஸிடம் திட்டு வாங்கினார்.

சாக்கடைக் குழாயிலும் ஒரு கருவி இருந்தது அவருக்குத் தெரியாது. உள்ளே வந்த தண்ணீரைவிட வெளியே போன தண்ணீர் அதிகம் என்று அது காட்டியது. திரை சிவந்தது. இயக்குநர் தன் காரில் எண்பது கிலோமீட்டர் வந்தார்.

"நீங்கள் கொண்டுவந்த தண்ணீர் நம் கணக்கில் இல்லை," என்றார். "கணக்கில் இல்லாததை நான் தண்ணீர் என்றே ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் அது நம் சாக்கடை வழியாகப் போய், இந்த வட்டாரத்திலேயே சிறந்த கிளையின் வரைபடத்தைக் கெடுத்துவிட்டது. நான் கோபப்படவில்லை. உங்களைத் திருத்தவே விரும்புகிறேன்."

நீர் நடத்தைப் பயிற்சி, ஐந்து நாள், புதனிலிருந்து ஞாயிறு வரை. நேரம் மாலை நாலு முதல் ஐந்து.

மீன்காரர் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். காலையில் வைத்தாலும் வருவேன், வேலை முடிந்து வைத்தாலும் வருவேன் என்றார். இயக்குநர் திரையைத் திருப்பிக் காட்டினார். "நேரத்தை நான் முடிவு செய்யவில்லை. கணினி செய்தது. நாலிலிருந்து ஐந்து வரை நீங்கள் உங்கள் இடத்தில் இருப்பதே இல்லை. ஆகவே அந்த நேரத்தில் உங்களுக்கு வேலை இல்லை என்று அது கண்டுபிடித்திருக்கிறது."

ஒரு நாள் தவறினாலும் பயிற்சி முதலிலிருந்து தொடங்கும். பயிற்சியை மறுத்தால் வேலை போகும். மனைவியின் ஊசி மருந்தெல்லாம் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மீன்காரர் சரி என்றார்.

பயிற்சி கண்காணிப்பு அறைக்குப் பக்கத்தில் நடந்தது. மீன்காரரோடு இன்னும் மூன்று பேர். பாத்திரம் கழுவுகிற அம்மா ஒருவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றிய காவலாளி, அடிக்கடி கழிப்பறைக்குப் போனதாகத் திரையில் தெரிந்த சர்க்கரை நோயாளி ஒருவர். கைப்பேசிகளை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் பயிற்சியாளர். காவலாளி கேட்டார். கழுவுகிற அம்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார். மீன்காரர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நான்கு டம்ளர் தண்ணீரையும் தொட்டியில் கொட்டினார்கள்.

கடையில் கணக்கெடுப்பு நடக்கிறது, அதனால் வர முடியவில்லை என்று மகளிடம் சொல்லியிருந்தார். அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"சொல்லும்மா."

"நாத்தத்தோடயே வரச் சொல்லுடி, நான் மூக்கைப் பொத்திக்கிறேன், முன்னாடி பொத்தலையான்னாங்க."

அன்று மீன்காரருக்கு வேலை ஓடவில்லை. விரலில் வெட்டிக்கொண்டார். மறுநாள் சனிக்கிழமை, நாலாம் நாள், பயிற்சி அறை வாசல் வரை வந்து நின்றுவிட்டார். இப்படியே இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. போனால் அடுத்த புதன்கிழமை மறுபடி முதலிலிருந்து ஐந்து நாள். இன்றும் நாளையும் பொறுத்துக்கொண்டால் அப்புறம் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டே நாள். அவர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் தப்பு எதுவும் இல்லை. கைப்பேசியைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

நாலாம் நாள் பாடம், ஒரு துளியின் பயணம். ஐந்து மணிக்கு வெளியே வந்து கைப்பேசியை எடுத்தபோது மகளிடமிருந்து ஒன்பது அழைப்புகள் இருந்தன. முதல் அழைப்பு நாலு ஐந்துக்கு. கடைசி அழைப்பு நாலு முப்பத்தைந்துக்கு. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஏப்ரனோடும் பூட்ஸோடும் ஓடினார். நேரம் கடந்துவிட்டது என்று வாசலில் யாரும் தடுக்கவில்லை. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு, வழக்கமான ஞாபகத்தில், குழாய் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். பிறகு கையை இறக்கிக்கொண்டார். மீன்காரர் கழுவாத கையோடு உள்ளே போய், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மீன் வாசம் திரைக்குள் முழுக்கப் பரவியிருந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். தராசுக்கு அடியில் ஒரு கடிதம் செருகியிருந்தது. ஆழ்ந்த இரங்கல். பயிற்சியில் ஒரு நாள் நிலுவை.

ஐந்தாம் நாள் பயிற்சிக்கு அவர் ஒருவர்தான். துக்கத்துக்கு எடுத்த விடுப்பு தவறிய நாளில் சேராது, அதனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று பயிற்சியாளர் சலுகை மாதிரி சொன்னார். பாடம், மாற்றத்தைக் கொண்டாடுவோம். மீன்காரர் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். நாலிலிருந்து ஐந்து வரை எங்கேயாவது உட்கார வேண்டித்தானே இருந்தது.

மூன்று நாற்பதுக்கு எழும் கோடு வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. தலைமை அலுவலகத்தில் பெரிய சந்தோஷம். பக்கத்து ஊர்க் கிளைகளிலிருந்தெல்லாம் ஆட்களைக் கூட்டி, ஒரு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். குளிர் நடுக்கும் மண்டபம். மேடையில் சுவரளவு திரையில் இரண்டு வரைபடங்கள், பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்.

"ஒரு மனிதனை மாற்ற ஆயுசு போதாது என்பார்கள்," என்று இயக்குநர் பேசினார். "நமக்கு ஐந்து நாள் போதுமாக இருந்தது. தண்டிக்கவில்லை, அதட்டவில்லை. அளந்தோம். அளக்க அளக்க மனிதன் திருந்துகிறான். இவர் இருபது வருடமாக ஒரே மாதிரி கை கழுவியவர். இன்று அந்தப் பழக்கம் இவரிடம் துளியும் இல்லை. இவர் உள்ளத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவசியம் இல்லை. வரைபடம் சொல்கிறது."

மீன்காரரை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அனுபவத்தைச் சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவர் மேடை ஏறிப் பழக்கமில்லாதவர். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நான் திருந்தலைங்க. என் வீட்டுக்காரிக்கு மீன் வாசம் ஒத்துக்காது, அதான் கழுவினேன். அவ செத்துப்போயிட்டா. நான் பயிற்சியில இருக்கும்போது செத்துப்போனா. இப்ப யாருக்குக் கழுவணும்?"

இயக்குநர் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இந்த நேர்மைதான் நமக்கு வேண்டும்," என்றார். "இப்படி ஒரு காரணம் நம் பட்டியலில் இல்லாதது நம் குறை. அதை ஒப்புக்கொள்ள நான் வெட்கப்படவில்லை. நாளைக்கே சேர்க்கச் சொல்கிறேன்."

முன்வரிசை கைதட்டியது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். மறுநாள் பட்டியலில் ஏழாவது காரணம் வந்திருந்தது. 'தேவை நீங்கியது.'

அன்று பிற்பகல் கண்காணிப்பு அறைப் பெண் வீங்கின காலோடு படி இறங்கி மீன் பிரிவுக்கு வந்தார். கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அண்ணே முதல்ல எழுதினது," என்றார். "நான் எழுதலைன்னா இன்னொருத்தர் எழுதியிருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டேன். இப்ப அது சொல்ல வரல."

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, அந்தப் பழைய நாளெல்லாம் இன்னும் அதில் இருக்கிறதா என்று கேட்டார். எதையும் அழிக்க மாட்டார்கள் என்றார் அந்தப் பெண். பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்க அனுமதி இல்லைதான். அவர் முன்னால் நடந்தார், மீன்காரர் பின்னால் போனார்.

திரையில் முப்பத்துநான்கு நாள் இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மீன்காரர் திரைக்கு அருகில் குனிந்து நின்று பார்த்தார். ஒரு நாள் பதினான்கு லிட்டர், அன்று பெரிய மீன் வெட்டியிருந்தார். ஒரு நாள் மூன்று இருபத்தெட்டுக்கே கோடு எழுந்திருந்தது, அது டாக்டர் வரச் சொன்ன நாள். ஒரு நாள் ஆறு லிட்டர்தான். ஏன் ஆறு என்று யோசித்தார். மழை, குடையில்லை, அவசர அவசரமாக ஓடினது ஞாபகம் வந்தது. எந்த நாளையும் அவர் இதற்கு முன் தனியாக நினைத்துப் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்ததாகத்தான் நினைத்திருந்தார். அந்தப் பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மவுஸை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார்.

மாலை வீட்டில் மகள் முந்தின நாள் விழா எப்படி நடந்தது என்று கேட்டாள். அம்மா போனதிலிருந்து அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒன்பது அழைப்புகளைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மீன்காரர் விழாவைப் பற்றி எதுவும் சொல்லாமல், "உங்கம்மா ஒரு நாள் ஆரஞ்சு கேட்டா, தெரியுமா?" என்றார்.

"எப்ப?"

"பெரிய மீன் வந்த அன்னிக்கு. நீ துணி துவைக்கப் போயிருந்த. மூணு சுளை தின்னா. உன்கிட்ட சொல்லாதீங்க, தினம் உரிச்சுக்கிட்டு வந்து நிப்பாள்னா."

மகளுக்கு இது தெரியாது. தினமும் அந்த ஒரு மணிநேரம் அவள் கீழே இருந்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள்.

அவர் சொன்னார். மழை நாள் அம்மா அவர் தலையைத் தன் துண்டால் துவட்டிவிட்டது, டாக்டர் வரச் சொன்ன நாள் அவரை வெளியே அனுப்பாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது, பக்கத்துக் கட்டில்காரரின் மருமகளைப் பற்றி வம்பு பேசியது. சில நாட்களில் ஒன்றும் நடந்திருக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள் என்று மட்டும் சொன்னார். மகள் அதையும் கேட்டாள். ஒவ்வொரு நாளாக நகர்ந்து, இரண்டு கேனோடு போன நாட்களும் முடிந்து, கடைசிச் செவ்வாய்க்கிழமைக்கு வந்தார்கள்.

"லீவு நாள். வீட்லயே குளிச்சிட்டுப் போனேன்," என்றார். "நல்லாத்தான் இருந்தா. கிளம்பும்போது, நாளைக்கு வருவீங்கல்லன்னு கேட்டா. வருவேன்னேன்."

மகள் அடுத்த நாளைப் பற்றிக் கேட்கவில்லை. எழுந்து, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.